நகராட்சி கொடுத்த அனுமதி மனைக்குப் பத்திரம் ஆகாது

கேள்வி: நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன். மனைவி குவாதலூப் தீவில், கப்பெஸ்தேர்-பெல்-ஓவில் பிறந்தவர், இந்திய வம்சாவளி. 2001இல் பிரான்சில் திருமணம், சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பாரிஸ் புறநகரில் உள்ள ஃபிளாட்டை விற்றுவிட்டு குவாதலூப்புக்கே போய்க் குடியேற நினைக்கிறோம். மனைவியின் தாத்தா 1987இல் இறந்தார். அவர் விட்டுப்போன 4,200 சதுர மீட்டர் நிலம் 7 பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கிடக்கிறது. மாமனார் 30 வருடம் தாக்ஸ் ஃபோன்சியேர் என்னும் நிலவரி கட்டினார். இப்போது அவரும் இல்லை, மாமியாரும் இல்லை. மனைவியின் சித்தப்பா ஒருவர் அந்த நிலத்தின் மேட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொள்ளச் சொன்னார். மனைவி பெயரில் மேரியிலிருந்து, அதாவது நகராட்சியிலிருந்து, கட்டட அனுமதி வந்துவிட்டது. 2,40,000 யூரோ வீட்டுக்கு 48,000 யூரோ முன்பணமும் கொடுத்துவிட்டோம். சாலையோர மரவீட்டில் 18 வருடமாக வாடகை இல்லாமல் இருக்கும், மனைவியின் பெரியப்பா மகன், அளக்க வந்தவரைத் துரத்திவிட்டார். என்னை எல்லோர் முன்னாலும் 'வந்தேறி' என்றார். அவரைக் காலி செய்ய வைக்க வழி உண்டா? அவமதிப்பு வழக்குப் போடலாமா?

பதில்: காலி செய்ய வைக்க முடியாது. அவமதிப்பு வழக்கு போடலாம், போடாதீர்கள். நாளைக்கு அவருடைய கையெழுத்துதான் உங்களுக்குத் தேவைப்படப் போகிறது.

கடிதத்தின் பெரும்பகுதி அவர் பேசிய பேச்சு. இன்னொரு பக்கம் முழுவதும் 1854இல் குவாதலூப்புக்கு முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஓரெலி கப்பல் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகம் வந்து சேர்ந்த கதையும், ஒரே மண்ணிலிருந்து போனவர்கள் இப்படிச் செய்யலாமா என்ற வருத்தமும். வருத்தம் நியாயமாக இருக்கலாம், ஆனால் சொத்துப் பத்திரங்களை எழுதிப் பதியும் நொத்தேர் அதைக் கேட்கமாட்டார். தாத்தா எப்போது இறந்தார், அதன்பிறகு பாகப்பிரிவினை நடந்ததா, இந்த இரண்டைத்தான் கேட்பார். 1987, நடக்கவில்லை. உங்கள் வழக்கு இவ்வளவுதான். அந்த நிலம் இன்னும் பிரிக்கப்படாத சொத்து. பிரெஞ்சில் சொல்லும் ஆந்திவிசியோன்.

உங்கள் மனைவியின் பங்கைக் கணக்குப் போடுவோம். 7 பிள்ளைகளில் மாமனாருக்கு 7இல் 1. அது மனைவிக்கும் அவர் தம்பிக்கும் பிரிந்தால் ஆளுக்கு 14இல் 1. காகிதத்தில் 300 சதுர மீட்டர். ஆனால் அந்த 300 மீட்டர் மேட்டிலும் இல்லை, பள்ளத்திலும் இல்லை. ஒவ்வொரு பிடி மண்ணிலும் 14இல் 1 அவருடையது, 14இல் 13 மற்றவர்களுடையது. சித்தப்பா கை காட்டிய மேட்டில் அவருக்கே 14இல் 2தான் உண்டு. மற்றவர்கள் பங்கையும் சேர்த்துக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

மாமனார் 30 வருடம் வரி கட்டியது நல்ல காரியம், அதனால் உரிமை வராது. பட்டாவும் வீட்டு வரி ரசீதும் கிரயப் பத்திரம் ஆகாது என்று ஊரில் உங்களுக்கே தெரியும்; கதாஸ்த்ர் என்னும் நில அளவைப் பதிவும் அப்படித்தான். 30 வருட அனுபவ உரிமை கேட்க வேண்டுமானால் தனி உடைமையாளராக, மற்றவர்களை விலக்கி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆண்டிருக்க வேண்டும். பங்காளி ஒருவர் பொதுச்சொத்தில் இருப்பது எல்லோருக்காகவும் இருப்பதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். போதாக்குறைக்கு பெரியப்பா குடும்பம் அதே நிலத்தில் வீடு வைத்திருக்கிறது. 'ஆக்த் த நொத்தோரியெத்தே (சாட்சிகளை வைத்து அனுபவ உரிமைக்கு நொத்தேர் எழுதும் சான்று) ஒன்று எழுதி விளம்பரம் செய்துவிடுவோம், 5 வருடம் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் நம்முடையது' என்று யாராவது யோசனை சொல்வார்கள். பங்காளிகள் யார் என்று தெரிந்தே அவர்களை மறைத்து அந்த ஆவணத்துக்குச் சாட்சி கூட்டினால், பிறகு உங்கள் மனைவி எந்த நீதிபதி முன் நின்றாலும் நம்பிக்கை இழந்தவராகத்தான் நிற்பார்.

இனி கட்டட அனுமதி. கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெர்மி என்னும் இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கப் பங்காளிகளில் ஒருவர் போதும். எனக்குத் தகுதி இருக்கிறது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மேரி பத்திரம் கேட்காது. நகர அமைப்பு விதிக்குப் பொருந்துகிறதா, ஆபத்து வரைபடத்தில் எந்த மண்டலம், கழிவுநீர் எப்படி, இவற்றை மட்டும் பார்க்கும். அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருக்கும்: மூன்றாம் நபர்களின் உரிமைக்கு உட்பட்டு. கடிதத்தைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. மனையில் அனுமதி விவரப் பலகை நட்டு 2 மாதம் யாரும் ஆட்சேபிக்கவில்லை, இனி ஒன்றும் செய்யமுடியாது என்பார்கள். அந்த 2 மாதம் அனுமதியை எதிர்த்து நிர்வாக நீதிமன்றம் போவதற்கான கெடு. சொத்துரிமை வழக்கு வேறு நீதிமன்றம், வேறு கணக்கு.

பிரிக்கப்படாத நிலத்தில் புது வீடு எழுப்ப எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். இல்லாமல் கட்டினால் முதலில் வருவது வேலையை நிறுத்தச் சொல்லும் அவசர மனு. பாதிச் சுவரோடு கட்டடம் மழையில் நிற்கும். நிறுத்த யாரும் வரவில்லை என்றால் இன்னும் மோசம். வீடு முடியும், நீங்களும் குடிபோவீர்கள். ஆனால் மண் யாருடையதோ அதன்மேல் நிற்பதும் அவர்களுடையது. அதாவது உங்கள் பணத்தில் எழுந்த வீட்டில் மனைவிக்கு 14இல் 1.

போட்ட பணம் என்னாகும்? சிவில் சட்டத் தொகுப்பின் 815-13 பிரிவு ஈடு கொடுக்கச் சொல்கிறது, ஆனால் செலவழித்த தொகையை அல்ல. பிரிவினை நடக்கும் நாளில் அந்த வீட்டால் நிலத்தின் மதிப்பு எவ்வளவு கூடியிருக்கிறதோ, அதை நீதிபதி நியாயம் பார்த்துக் கணக்கில் எடுப்பார். நிலநடுக்க அபாயத்தில் குவாதலூப் 5ஆம் மண்டலம், பிரான்சில் அதுதான் உச்சம். அதற்கேற்ற அஸ்திவாரத்துக்கும் கம்பிக்கும் கொட்டும் பணம் அப்படியே விற்பனை விலையில் திரும்பாது. 2,40,000 போட்டவருக்கு 1,50,000 கூடியதாக மதிப்பீட்டாளர் எழுதினால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். நிலத்தைத் தனியாக அனுபவித்ததற்கு மற்றவர்கள் உங்களிடம் ஈடு கேட்பது தனி. இன்னொன்று: பொதுச்சொத்துக்காக ஒருவர் கட்டிய கடன் தவணைகளை மீட்கக் கேட்கும் உரிமைக்கு, ஒவ்வொரு தவணை கட்டிய நாளிலிருந்தும் 5 வருடம்தான் என்று 2021இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'பிரிவினை வரும்போது ரசீதைக் காட்டிக்கொள்ளலாம்' என்று 12 வருடம் கோப்பில் வைத்திருந்தவர்கள் முதல் 7 வருட ரசீதைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

இதில் உங்கள் நிலைமை மனைவியைவிடப் பலவீனம். நீங்கள் பங்காளியே இல்லை. ஒப்பந்தம் இல்லாத திருமணம் என்பதால் ஃபிளாட் விற்ற பணம் இருவருக்கும் பொது. அதில் மனைவி மற்ற பங்காளிகளின் பங்கை வாங்கினாலும், 1408ஆம் பிரிவின்படி வாங்கிய பங்கு அவருடைய தனிச் சொத்தாகவே சேரும். பொதுப் பணத்துக்கு ஈட்டுக்கணக்கு ஒன்று எழுதப்படும், அவ்வளவுதான். அந்த மண்ணில் கட்டும் வீட்டுக்கும் அதே கதி. உங்கள் குடும்பத்தில் சண்டை வரும் என்று சொல்லவில்லை. பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள் என்கிறேன்.

மரவீட்டில் இருக்கும் அந்தப் பெரியப்பா மகன், உங்கள் மைத்துனர் விஷயத்துக்கு வருவோம். அவர் அப்பா போய்விட்டார், ஒரே பிள்ளை. ஆக அவருக்கு 14இல் 2. உங்கள் மனைவியைப்போல இரு மடங்கு. பங்காளியைப் பொதுச்சொத்திலிருந்து வாடகைக்காரரைப்போல வெளியேற்ற முடியாது. வாடகையில்லாமல் இருந்ததற்கு ஈடு கேட்கலாம், கடைசி 5 வருடத்துக்கு மட்டும். மாதம் 600 யூரோ என்று வைத்தால் 36,000. அதுவும் மனைவிக்கு வராது, பொதுக் கணக்குக்குப் போகும். அதில் மனைவியின் பாகம் 2,571 யூரோ. கூரை மாற்றினேன், புயலில் பிய்ந்த தகரத்தைப் போட்டேன் என்று மைத்துனர் பதிலுக்கு ரசீது நீட்டுவார். இந்தக் கோரிக்கையை வழக்காகப் போடாதீர்கள், பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கையெழுத்திடவேண்டும் என்ற விதியால் அங்கே பல நிலங்கள் தலைமுறைக் கணக்கில் முடங்கிக் கிடந்ததால்தான் 2018 டிசம்பர் 27ஆம் தேதிச் சட்டம் வந்தது. மார்த்தினிக்கின் செர்ஜ் லெச்சிமி கொண்டுவந்ததால் அவர் பெயரால் அழைக்கிறார்கள். பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்தால் நொத்தேர் வழியாக விற்பனையோ பிரிவினையோ தொடங்கலாம். 1987 மரணம் சட்டம் கேட்கும் கால வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. மனைவி 1, தம்பி 1, சித்தப்பா 2, மர்சேயில் இருக்கும் அத்தைகள் இருவரும் 4: மொத்தம் 14இல் 8. பாதியைத் தாண்டிவிட்டீர்கள் என்று தோன்றும்.

ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில், அந்த இருவரில் மூத்த அத்தை முதியோர் இல்லத்தில் நினைவு தப்பி, தூத்தெலில், அதாவது நீதிமன்றம் வைத்த பாதுகாவலில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு பக்கத்தில் மிக முக்கியமான வரி அது. பாதுகாவலின்கீழ் உள்ள பங்காளி இருந்தால் நீதிபதி அல்லது குடும்ப மன்றத்தின் அனுமதி இல்லாமல் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தவே முடியாது. அவர் பங்கு 2 ஆட்டம் கண்டால் உங்களிடம் இருப்பது 6, பாதிகூட இல்லை. மோன்ரேயாலில் தொடர்பு விட்டுப்போன கிளையும் ஒன்று. அவர்கள் காணாமல் போனவர்களாகக் கருதப்பட்டால் அதற்கும் நீதிபதியின் அனுமதி. எனவே வாரிசு தேடுபவரை நொத்தேர் இப்போதே அமர்த்தட்டும். எல்லாம் சேர்ந்தாலும் அறிவிப்பு போய், சட்டம் தரும் கெடுவுக்குள் மைத்துனர் ஆட்சேபித்தால் நொத்தேர் குறிப்பெழுதிக் கோப்பை மூடுவார், நீங்கள் நீதிமன்றப் படியேற வேண்டும்.

என் யோசனை சமரசம். மரவீடும் அதைச் சுற்றி 600 சதுர மீட்டரும் மைத்துனருக்கு. அது அவர் பங்கின் அளவே. சாலையோரம் என்பதால் விலை கூடுதல், அந்தக் கூடுதலுக்குப் பணம் கேட்காதீர்கள். 5 வருட ஈட்டையும் விட்டுவிடுங்கள். மற்றவர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுப்பவருக்குரிய வித்தியாசத்தை நீங்களே கொடுத்துவிட்டால்கூட வழக்குச் செலவைவிடக் குறைவு. நீங்கள் நேரில் பேசப் போகாதீர்கள். புவாந்த்-ஆ-பீத்ரில் உள்ள அத்தை அவர் பக்கம் என்கிறீர்கள் அல்லவா, மனைவி முதலில் அவரிடம் போகட்டும். வாய்ச்சொல்லில் முடிந்தவுடன் ஜெயோமேத்ர் என்னும் நில அளவையாளரை வைத்து அளந்து நொத்தேர் முன் எழுதுங்கள். மேட்டுப் பக்கத்துக்குப் போகும் வழியைப் பத்திரத்திலேயே குறிப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த சண்டை வண்டிப் பாதைக்காக.

சித்தப்பாவும் அத்தையும் தங்கள் பங்கை விற்க வந்தால் மனைவி பெயரிலேயே வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்கினால் நீங்கள் வெளியார்; எல்லாப் பங்காளிகளுக்கும் முறையாக அறிவித்து, 1 மாதம் அவர்கள் முந்திக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும். மைத்துனர் அதற்காகவே காத்திருப்பார்.

சமரசம் ஓராண்டில் முடியவில்லை என்றால் அந்த நிலத்தை மறந்துவிட்டு, தனிப் பத்திரம் உள்ள வேறு மனை வாங்குங்கள். மலிவாகக் கடலோரத்தில் காட்டினால் அளந்து பாருங்கள்: கரையிலிருந்து 81.20 மீட்டர் வரையுள்ள பட்டை பழைய அரசர் காலத்திலிருந்து அரசின் நிலம், அங்கே வீடு இருப்பதால் பத்திரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கப்பெஸ்தேர் பக்கம் பழைய வாழைத் தோட்டமென்றால் 1993 வரை அடித்த குளோர்தெக்கோன் என்னும் பூச்சிமருந்து மண்ணில் இன்னும் இருக்கும். கருணையும் சேம்பும் நடும் ஆசை இருந்தால் முதலில் மண் பரிசோதனை.

கடைசியாக முன்பணம். வரைபடம் கட்டுநருடையது என்றால் அது தனிவீட்டுக் கட்டுமான ஒப்பந்தம், தலைப்பில் வெறும் 'தெவி' (செலவு மதிப்பீடு) என்று இருந்தாலும் சரி. அந்த வகை ஒப்பந்தத்தில் மனையின் பத்திர விவரம் இருந்தே ஆகவேண்டும், வேலை தொடங்குமுன் திரும்பக் கிடைக்கும் உத்தரவாதத்தோடுகூட 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. அவர் 20 வாங்கியிருக்கிறார், பத்திர விவரமும் இல்லை. ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கேட்க இவை போதும். வேலை தொடங்கும் அறிவிப்பை மேரியில் கொடுக்காதீர்கள், ஒரு லாரி மணல்கூட இறக்க விடாதீர்கள். பெர்மி 3 வருடம் செல்லும், ஒரு வருடம் வீதம் இருமுறை நீட்டிக்கலாம். அது காலாவதியாகிவிடுமே என்ற அவசரம் வேண்டாம். பாரிஸ் ஃபிளாட்டுக்கு கொம்ப்ரோமி என்னும் விற்பனை முன்னொப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் நிறுத்துங்கள். அதில் 10 நாள் யோசிக்கும் அவகாசம் வாங்குபவருக்குத்தான், விற்கும் உங்களுக்கு இல்லை. கட்டுநருக்கு ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபால் இந்த வாரமே போகட்டும்.