கூலர், ஊதுபத்தி, மூடுபனி: பிள்ளைகளுக்கு வானிலை

டெல்லியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் தமிழ் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில.

யூகேஜி பிள்ளைகளுக்கு ஈரப்பதத்தை எப்படிப் புரியவைப்பது? (ஆசிரியை, ஆர்.கே.புரம்)

அந்தச் சொல்லே இப்போதைக்கு வேண்டாம், ஈரத் தட்டி வழியே காற்றை இழுத்து வீசும் கூலரில் தொடங்குங்கள். இந்த ஊர்ப் பிள்ளைக்குக் கூலர் தெரியாமல் இருக்காது. கோடை விடுமுறைக்கு முன், வெயில் சுள்ளென்று அடிக்கும் ஒரு நாளில், ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளை நனைத்துப் பிழியுங்கள். ஒன்றை ஃபேனுக்கு அடியில் கொடியில் போடுங்கள். மற்றதை டிபன் டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள். சிறிது நேரம் கழித்துப் பிள்ளைகள் இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கட்டும். கொடியில் கிடந்தது ஜில்லென்று இருக்கும், டப்பாவில் இருந்தது வெறும் ஈரமாக இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது துணியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

பாதிப் பாடம்தான் முடிந்தது. ஜூலையில் பள்ளி திறந்ததும், மழை பெய்து புழுங்கும் நாளில் இதையே மறுபடி செய்யுங்கள். துணி லேசில் காயாது, முன்போல் குளிரவும் குளிராது. காற்றில் ஏற்கெனவே நிறைய ஈரம் இருக்கிறது. மே மாதம் சுகமாக இருந்த கூலர் ஜூலையில் ஏன் பிசுபிசுக்கிறது என்று அப்போது கேளுங்கள். பதிலைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

தண்ணீர்மேல் ஷேவிங் ஃபோம் போட்டு, சாயம் விட்டு மழை காட்டலாமா? (ஒரு தாய், துவாரகா)

பார்க்க அழகுதான். ஆனால் மேகம் எப்படி உருவாகிறது என்பது அதில் இல்லை. நான் ஊதுபத்தியைத்தான் சொல்வேன். கண்ணாடி ஜாரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, வாயை ஒரு தட்டால் மூடி, தட்டில் ஐஸ் வையுங்கள். உள்ளே பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் தட்டைச் சற்றே தூக்கி, ஊதுபத்திப் புகையைத் துளி உள்ளே விட்டு மூடுங்கள். ஐஸுக்குக் கீழே வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு இறங்கும். நீராவி குளிர்ந்தால் மட்டும் போதாது, ஒட்டிக்கொள்ளத் தூசியோ புகையோ வேண்டும். வெந்நீரும் நெருப்பும் பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

ஜனவரியில் மூடுபனி. பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியவில்லை. (ஆசிரியர், கரோல் பாக்)

ஜன்னல் போதும். பள்ளிக் கேட், வேப்பமரம், எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் ஒரு டவர் என்று தூர வரிசையில் நான்கு அடையாளங்களை வரையச் சொல்லுங்கள். தினமும் காலையில் எது வரை தெரிகிறதோ அதற்கு வண்ணம் தீட்டட்டும். வானிலைத் துறையும் மூடுபனியைப் பார்வை எட்டும் தூரத்தை வைத்துத்தான் சொல்கிறது. 1,000 மீட்டருக்குள் சுருங்கினால் மூடுபனி. நவம்பர்ப் புகைமூட்டத்துக்கும் இதே ஜன்னல்தான். அந்த நாட்களில் எந்தச் செயல்பாட்டுக்காகவும் மைதானத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.

மேற்குக் காற்று என்றால் மேற்கே போகும் காற்றா? (ஒரு தந்தை, ஜனக்புரி)

இல்லை, மேற்கிலிருந்து வருவது. குச்சியில் ரிப்பன் கட்டிப் பிடித்தால், ரிப்பன் கிழக்கே பறக்கும்.

ஐப்பசியில் அடைமழை என்று படித்த பிள்ளை, “இங்கே வெயிலடிக்கிறதே” என்கிறாள். (வார இறுதித் தமிழ் வகுப்பு, மயூர் விஹார்)

அவள் சொல்வது சரி, பாடமும் சரி. டெல்லிக்குப் பெரும்பாலான மழை ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் வருகிறது. சென்னை, நாகப்பட்டினம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுவரில் இரண்டு கட்டங்கள் போட்டு ஒட்டுங்கள், ஒன்று டெல்லி, ஒன்று பாட்டி ஊர். சனிக்கிழமை வீடியோ காலில் பாட்டியிடம் வாசலுக்குப் போய் வானத்தைக் காட்டச் சொல்லி, பிள்ளையே குடையோ சூரியனோ வரையட்டும். ஜூலையில் தொடங்கிப் பொங்கல் வரை விடாமல் நடத்துங்கள். குடைகள் ஒரு கட்டத்திலிருந்து மற்றதற்கு மாறுவது தெரிய அத்தனை மாதமாவது வேண்டும்.