பார்வையற்றவருக்கு அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது?

பார்வையற்ற நண்பரை சேலத்தில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினால் ஒன்றுமில்லை. தொட வேண்டும். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் திறந்த 'அனுபவ்' கூடத்தில் சிற்ப நகல்களைத் தடவிப் பார்க்கலாம், கூடவே பிரெயில் குறிப்பும் உண்டு. சரி, ஓவியம்? அதே ஆண்டு ஸ்பெயினில் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் புடைப்பாக அச்சிட்டு விரலுக்குக் கொடுத்தார்கள். பிரெயில் படிக்காதவர்களும் உண்டு, அதனால் ஒலி விளக்கமும் தேவை. அதில் 'அழகிய சிலை' என்று முடித்துவிடக் கூடாது: எவ்வளவு உயரம், எந்தக் கை உயர்ந்திருக்கிறது, கல் வழவழப்பா சொரசொரப்பா, எல்லாம் சொல்ல வேண்டும்.

நம் தாரமங்கலம் கோயில் சிங்கத்தின் வாயில் உருளுமே கல் உருண்டை, அதற்கு ஒரு நகல் செய்து வைக்கட்டும். கண் தெரிந்தவர்களும் வரிசையில் நிற்பார்கள்!