வலிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு எந்தக் கருத்தடை?

கேள்வி: வயது 28. வலிப்புக்கு கார்பமசெபைன் சாப்பிடுகிறேன். அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட மாலா-என் கருத்தடை மாத்திரை போதுமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போதாது. கார்பமசெபைன், ஃபெனிடாயின் ஆகிய வலிப்பு மருந்துகள் இரண்டும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரமே சிதைத்துவிடும். நாள் தவறாமல் போட்டாலும் கரு தங்கலாம். மாதவிடாய்க்கு நடுவே திட்டுத்திட்டாக உதிரம் படுகிறதா? மாத்திரை பலிக்கவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். கையில் பொருத்தும் இம்ப்ளாண்டுக்கும் இதே கதிதான். அதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்தினாலும் அதன் தாக்கம் 4 வாரம் இருக்கும்.

என் ஓட்டு கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ-வுக்குத்தான். ஹார்மோன் இல்லை, 10 ஆண்டு தாங்கும். முதல் 3 முதல் 6 மாதம் உதிரப்போக்கு கூடலாம் என்பதால், போடுமுன் ஹீமோகுளோபின் பாருங்கள். அது வேண்டாமென்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை அந்தரா கருத்தடை ஊசி. கார்பமசெபைன் அதன் பலனைக் குறைக்காது. ஆனால் நெடுநாள் போட்டால் எலும்பு அடர்த்தி குறையும். உங்கள் வலிப்பு மாத்திரையும் எலும்புக்கு அதே வேலையைச் செய்யும்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் போனால் மாத்திரை அட்டையையே கொண்டுபோங்கள். ‘ஃபிட்ஸ் மாத்திரை’ என்று மட்டும் சொன்னால் பத்தாது. அது லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மருந்தாக இருந்தால் கணக்கே வேறு: மாலா-என் அதன் அளவை ரத்தத்தில் இறக்கி, அடங்கியிருந்த வலிப்பை மறுபடி வரவழைக்கலாம்.