ஒன் டைரக்‌ஷன் ஏன் பிரிந்தது? ஜெய்ன் மாலிக் விலகியதுதான் காரணமா? மறுபடி சேர்வார்களா?

ஜெய்ன்தான் காரணம் என்று சொல்கிறவர்களிடம் நான் ஐந்து தேதிகளைச் சொல்வேன். 2011 நவம்பர், 2012 நவம்பர், 2013 நவம்பர், 2014 நவம்பர், 2015 நவம்பர். பிரிட்டனில், ஐந்து பையன்களோடு தொடங்கிய பாப் பாட்டுக்குழுவான ஒன் டைரக்‌ஷனின் ஐந்து ஆல்பங்களும் வெளிவந்த மாதங்கள் இவை. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்னால் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று ஆண்டு தவறாமல் நவம்பர். இடைப்பட்ட மாதங்களில் ஊர் ஊராகக் கச்சேரி. ஐந்து ஆண்டுகளில் ஐந்து ஆல்பம் என்பதைச் சாதனையாகத்தான் எல்லோரும் எழுதினார்கள். பள்ளிக்கூட நாட்களில் நானும் அப்படித்தான் பெருமையடித்தேன். இன்று அந்தத் தேதிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். 2010 ஜூலையில் லண்டன் வெம்பிளி அரினாவில் ‘எக்ஸ் ஃபேக்டர்’ பாட்டுப் போட்டியின் இரண்டாம் கட்டம் நடந்தது. ஹோம்ஸ் சேப்பல் என்ற சிற்றூரில் சனிக்கிழமைகளில் பேக்கரி வேலை பார்த்த ஹாரி ஸ்டைல்ஸ், அயர்லாந்திலிருந்து வந்த நயல் ஹோரன், 14 வயதில் இதே போட்டிக்கு வந்து இரண்டு ஆண்டு கழித்து வா என்று திருப்பி அனுப்பப்பட்ட லியாம் பெய்ன், டான்காஸ்டரின் லூயி டாம்லின்சன், பிராட்ஃபோர்டின் ஜெய்ன் மாலிக். ஐவரும் தனிப் பாடகர்களாக வந்தவர்கள், ஐவரும் தேறவில்லை. நடுவர்கள் அவர்களைத் திரும்ப அழைத்து, ஒரே குழுவாகப் பாடினால் போட்டியில் தொடரலாம் என்றார்கள். மூத்தவரான லூயிக்கு வயது 18. மூவருக்கு 16.

அதே கட்டத்தில் நடந்த ஒரு சிறு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். எல்லோரும் மேடையில் நடனம் ஆட வேண்டும். தனக்கு ஆட வராது என்று ஜெய்ன் மேடைக்கே வராமல் பின்னால் நின்றுவிட்டார். நடுவர் சைமன் கோவெல் அவரைக் காணாமல் எழுந்துபோய், பேசிச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்தார். கூச்சத்தில் திணறுகிற 17 வயதுப் பையனின் முகம் அந்தக் காட்சியில் அப்படியே தெரியும். முன்பு அதைச் சிரித்துக்கொண்டு பார்ப்பேன்.

போட்டியில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்தான். ஆனால் வாராவாரம் ஒரு மாடிப்படியில் ஐவரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு பேசிய வீடியோக்கள் இணையத்தில் பரவின. பாட்டைவிட அந்தப் படிக்கட்டுதான் அவர்களை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முந்தைய பாய்ஸ் பேண்டுகள், அதாவது பையன்கள் மட்டுமே பாடும் குழுக்கள், ஒரே மாதிரி உடையில் அடிபிசகாமல் ஆடுவார்கள். இவர்கள் ஆடவே இல்லை. மேடையில் இஷ்டத்துக்கு நடந்தார்கள், தண்ணீரைப் பீய்ச்சி விளையாடினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன்களைப் போல இருந்தது. 2012 மார்ச்சில் முதல் ஆல்பம் அமெரிக்காவில் வந்த வாரமே அந்நாட்டின் ஆல்பம் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடம். முதல் ஆல்பத்திலேயே அப்படி நேராக முதலிடத்தில் நுழைந்த பிரிட்டிஷ் குழு அதற்குமுன் இல்லை. அந்த டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பாடினார்கள். வெம்பிளியில் ஒன்றுசேர்ந்து இரண்டரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஜெய்ன் எனக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். மாலிக் என்ற பெயர் எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் இருந்த பெயர். அவருடைய அப்பாவின் குடும்பம் பாகிஸ்தானிலிருந்து போனது. உலகமே கொண்டாடிய ஐந்து முகங்களில் ஒன்று நம் பக்கத்து முகமாக இருந்தது அன்று சின்ன விஷயமே அல்ல. அந்த முகத்துக்கும் மதத்துக்கும் அவர் வாங்கிய வசவும் கொஞ்சமல்ல. 2012 ஆகஸ்டில் அவர் ட்விட்டரை விட்டே சில நாட்கள் ஒதுங்கினார். மற்ற நால்வரும் சுமந்த வேலையோடு இவருக்கு இதுவும் ஒரு பாரம்.

வேலை எப்படி இருந்தது? 2013இல் மட்டும் 120க்கும் மேற்பட்ட கச்சேரிகள். 2014இல் ஸ்டேடியங்களில் 69 கச்சேரிகள், 34 லட்சம் டிக்கெட், 29 கோடி டாலர் வசூல். அடுத்த நவம்பருக்கான ஆல்பத்தை எப்போது பாடிப் பதிவு செய்வது? சுற்றுப்பயணத்தின் நடுவிலேதான். மைக்கை ஓட்டல் அறைக்கே கொண்டுவந்து பாட வைத்தார்கள். ரசிகர் கூட்டத்தால் வெளியே தலைகாட்ட முடியாது. பாதுகாப்பு என்றால் அறையில் பூட்டிவைப்பதுதான், அந்த அறையில் மது வைத்த மினிபார் இருந்தது என்று 2021இல் ஒரு பேட்டியில் லியாம் சொன்னார். ஜெய்ன் தன் புத்தகத்தில், அந்த நாட்களில் சேர்ந்தாற்போல் சில நாட்கள் சாப்பிடாமலே இருந்ததாக எழுதினார். வாழ்க்கையில் எதுவும் தன் கையில் இல்லை, சாப்பாடு ஒன்றையாவது தன்னால் தீர்மானிக்க முடிந்தது என்பது அவர் சொன்ன காரணம். இதைப் படித்த பிறகும் அவரை ஓடிப்போனவர் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

2015 மார்ச் 18 ஹாங்காங் கச்சேரி அவருடைய கடைசி மேடை. அடுத்த நாள் மன அழுத்தம் என்று சுற்றுப்பயணத்திலிருந்து ஊர் திரும்பினார். மணிலாவில் மற்ற நால்வர் மட்டும் பாடினார்கள். 25ஆம் தேதி குழுவை விட்டே விலகினார். 22 வயதுப் பையன் எப்படி இருப்பானோ அப்படிச் சாதாரணமாக, ஓய்வாக இருக்க ஆசை என்று அறிக்கையில் கேட்டிருந்தார். எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். இரவு சித்தி மகள் போன் செய்து, பேச முடியாமல் அழுதாள். நானும் அழ ஆரம்பித்தேன். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து, “யாரடி அது, யாருக்கு என்ன ஆயிற்று?” என்று பதறினாள். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, இவர் போய்விட்டார் என்றேன். அம்மா திட்டவில்லை. அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ரொம்பக் களைத்துப்போய் இருக்கிறானே” என்று மட்டும் சொன்னாள். பத்திரிகைகள் எழுதாததை என் அம்மா பார்த்தாள்.

அன்று அவருடைய காதலியைத் திட்டியவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை. குழுவில் தன் விருப்பப்படி பாட இடமில்லை என்பதை ஜெய்ன் அந்த ஆண்டே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். விலகிச் சரியாக ஓராண்டில், 2016 மார்ச் 25 அன்று, அவருடைய சொந்த ஆல்பம் வந்தது.

ஜெய்ன் இல்லாமலும் நால்வரும் சுற்றுப்பயணத்தை முழுதாக முடித்தார்கள். 2015 அக்டோபர் 31 ஷெஃபீல்டு கச்சேரிதான் அந்தப் பயணத்தின் கடைசி. இரண்டு வாரத்தில் வழக்கம்போல் நவம்பர் ஆல்பம். டிசம்பரில் ‘எக்ஸ் ஃபேக்டர்’ மேடையிலேயே மறுபடி பாடிவிட்டு ஓய்வுக்குப் போனார்கள். பிரிவு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, இடைவெளி என்றார்கள். ஒருவர் போனதால் உடைந்திருந்தால் மணிலாவிலேயே உடைந்திருக்க வேண்டும். ஓயாமல் ஓடியவர்கள் ஒருமுறை நின்றார்கள், நின்றதும் மறுபடி ஓட மனமில்லை. நால்வருக்கும் இது ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. ஏன் தொடரக்கூடாது என்று புரியாமல் கோபத்திலும் கசப்பிலும் இருந்ததாக லூயி பின்னாளில் சொன்னார். ஹாரிக்குத் தனி வழி சீக்கிரமே திறந்துவிட்டது. லூயிக்கு அந்தக் குழுதான் எல்லாமுமாக இருந்தது. ஐவரில் இன்றுவரை என் மனம் அதிகம் கனப்பது அவருக்காகத்தான்.

மறுபடி சேர்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 அக்டோபர் வரை சேர்வார்கள் என்றுதான் நானும் நம்பினேன். அந்த மாதம் 16ஆம் தேதி, பியூனஸ் அயர்ஸில் ஓர் ஓட்டலின் மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து விழுந்து லியாம் இறந்துபோனார். வயது 31. மறுநாள் காலை எனக்குச் செய்தியைச் சொன்னது அம்மாதான். டிவியில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். “உன் பீரோ கதவில் இருந்த பையன்களில் ஒருவனாமே” என்றாள். அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை.

நவம்பர் 20 அன்று இங்கிலாந்தின் ஆமர்ஷாமில் ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. ஜெய்ன் உட்பட நால்வரும் வந்திருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் நாங்கள் காத்திருந்தது அப்படித்தான் நடந்தது.

நால்வரும் இனி ஒருநாள் ஒரே மேடையில் நிற்கலாம். அவர்களை உலகுக்கு அறிமுகம் செய்த முதல் பாட்டின் முதல் வரி லியாமுடையது. அவர் தனியாகத் தொடங்குவார், மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அந்த வரியை யாரைப் பாடச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.