வக்கீலம்மாவிடம் கேளுங்கள்: போலீஸ் போனில் கூப்பிட்டால் போக வேண்டுமா?

என் மகன் ஓர் அடிதடி வழக்கில் ரிமாண்டில் இருந்தான். ஜாமீன் மனு போட்டதும் அவன்மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். இனி ஒரு வருடத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?
ஒரு தாய், தேனி மாவட்டம்

இல்லை அம்மா. குண்டாஸ் என்று நாம் சொல்வது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டம். விசாரணை இல்லாமல் முன்கூட்டியே உள்ளே வைக்கும் தடுப்புக் காவல் அது. 12 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. 12 மாதமும் வைத்தே தீர வேண்டும் என்று இல்லை.

உங்கள் மகனிடம் சிறையில் ஒரு கட்டுத் தாள் கொடுத்திருப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'புக்லெட்' என்று பெயர். காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் தந்தாக வேண்டும். அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கப் போகும்போது அந்தக் கட்டு வக்கீல் கைக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் நான் முதலில் சட்டப் புத்தகத்தைத் திறப்பதில்லை, இந்தக் கட்டைத்தான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவேன். எந்த ஜெராக்ஸ் கறுப்படித்துப் போயிருக்கிறது, எந்தத் தாள் தமிழாக்கம் இல்லாமல் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது, ஜாமீன் மனு விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். என் ஜூனியர்களுக்கு இந்த வேலையே பிடிக்காது, எழுத்தர் வேலை என்பார்கள்.

ஒரு மங்கலான ஜெராக்ஸுக்காகவா உத்தரவை ரத்து செய்வார்கள் என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள், பல முறை. குற்றம் நிரூபணமாகாமல், விசாரணையே இல்லாமல் ஒருவனை உள்ளே வைக்கிறார்கள். பதிலுக்கு அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவு அவனுக்குக் கொடுத்திருப்பது கொஞ்சம்தான்: ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், அதை மறுத்து எழுத அவனுக்கு வாய்ப்புத் தர வேண்டும். படிக்க முடியாத தாளைக் கொடுத்தால் அதுவும் போயிற்று.

ஆகவே உடனே மறுப்பு மனு எழுதுங்கள். உத்தரவு போட்ட கலெக்டர் அல்லது கமிஷனருக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று, காவலில் வைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். காரணமில்லாமல் அந்த மனுவைக் கிடப்பில் போட்டால் அந்தத் தாமதமே உத்தரவைக் கவிழ்க்கப் போதும். அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. துணைக்கு ஒரு நண்பர் வரலாம். இதற்கிடையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்; பிடித்து வைத்தது சட்டப்படிதானா என்று கேட்கும் மனு அது.

வக்கீலிடம் ரேகா வழக்கையும் ஞாபகப்படுத்துங்கள். காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகச் சொல்லி இதே சட்டத்தில் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் மனைவி சுப்ரீம் கோர்ட் வரை போய் 2011-இல் ஜெயித்தார். சாதாரணச் சட்டத்திலேயே வழக்கு நடத்த முடியும் என்றால் தடுப்புக் காவல் எதற்கு என்று அதில் கேட்டிருக்கிறார்கள்.

தனிமனிதச் சுதந்திரம் என்றால் இஷ்டப்படி இருப்பதா? தாத்தாவோடு தினமும் சண்டை.
கல்லூரி மாணவர், கோவை

தாத்தாவோடு சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வீட்டுச் சண்டைக்கு எழுதியதல்ல. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் அரசு பறிக்கக் கூடாது என்கிறது, அவ்வளவுதான். அந்த 'முறை' எப்படி இருந்தாலும் சரியா என்பதுதான் பெரிய வழக்கு. 1950-இல், தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனபோது, சட்டசபையோ பார்லிமெண்டோ போட்ட முறை என்றால் போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கினார்களே, அந்த வழக்கில், 1978-இல்தான், முறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று ஆனது. நடுவில் 28 வருடம்!

எமர்ஜென்சியில் ஆபீஸெல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஒழுங்காக இருந்தவனுக்கு என்ன நஷ்டம்?
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருச்சி

ஐயா, கோழிக்கோட்டில் ராஜன் என்று ஓர் இன்ஜினீயரிங் மாணவர். 1976 மார்ச் 1-ஆம் தேதி போலீஸ் அவரைக் கொண்டுபோனது. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் கல்லூரிப் பேராசிரியர், உங்களைப் போலவே ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தவர். மகனைத் தேடி அவர் ஏறாத படியில்லை. எமர்ஜென்சி முடிந்து 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் பிள்ளை போலீஸ் முகாமில் இறந்துபோன விஷயமே வெளியே வந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த வழக்கால் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார்.

முன்பே மனு போட்டிருக்கலாமே என்றால், 1976 ஏப்ரல் 28-இல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவையும் மூடிவிட்டது. எமர்ஜென்சி இருக்கும்வரை என்னை ஏன் பிடித்தாய் என்று கேட்டு யாரும் நீதிமன்றம் வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறி எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டிய முறை; 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், அவர் ராஜினாமா செய்தார். அடுத்த வருடமே 44-ஆவது திருத்தம் வந்து, எமர்ஜென்சியிலும் 21-ஆம் பிரிவில் கைவைக்க முடியாது என்று ஆக்கியது. ஆபீஸ் நேரத்துக்கு நடக்க வருகைப் பதிவேடு போதும் ஐயா.

ஸ்டேஷனிலிருந்து போனில், "உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, சும்மா ஒரு விசாரணை" என்கிறார்கள். அம்மாவுக்கு 63 வயது. எங்கள் தெருவில் நடந்த திருட்டை அவர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். போக வேண்டுமா?
வாசகர், விருதுநகர்

அழைத்துப் போகாதீர்கள். சாட்சியை விசாரிக்க எழுத்தில் உத்தரவு தர வேண்டும், போன் போதாது. அதோடு, பெண் என்றால் எந்த வயதானாலும் அவர் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஆணாக இருந்தால் 15 வயதுக்குக் கீழும் 60-க்கு மேலும் இதே சலுகை உண்டு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) இது 179-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 160. சண்டை வேண்டாம், "அம்மா வீட்டில்தான் இருக்கிறார், வாருங்கள் சார், தெரிந்ததைச் சொல்வார்" என்று பதில் சொல்லுங்கள். முடிந்தால் அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகும்.

வந்து விசாரித்தால் அம்மா பார்த்ததை மட்டும் சொல்லட்டும். எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். விசாரணையில் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது உங்கள் விருப்பம்.