காணாத கணவருக்கு 24 ஆண்டுகள் மனைவி

கேள்வி: 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இளவரசி பிராண்டன்பர்க் பார்பராவைப் பற்றி ஒரு குறுநாவல் எழுதி வருகிறேன். 8 வயதில் மணமாகி, 11 வயதில் விதவையாகி, பிறகு ஒருமுறைகூடப் பார்த்திராத பொகீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மன்னருக்கு மனைவியாக்கப்பட்ட அவரை முதல் பக்கத்திலிருந்தே அழ வைத்திருக்கிறேன். முடிவில் கோட்டைச் சிறையில் இறக்கிறார். படித்துப் பார்த்த தோழியோ, “இது எந்த இளவரசிக்கும் பொருந்தும்” என்கிறார். எங்கே தவறுகிறேன்?

பதில்: தோழி சொல்வது சரி. உங்கள் கதையில் கண்ணீர் இருக்கிறது, காணி இல்லை. பார்பராவின் இரண்டு திருமணங்களும் நிலத்தைச் சுற்றியே நடந்தவை என்பதால், அதை விட்டுவிட்டால் அவருக்கு நேர்ந்தது எதற்கும் காரணம் தெரியாமல் போய்விடும்.

அவருடைய தந்தை ஆல்பிரெக்ட் அக்கிலஸ், பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளர்; புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற எழுவரில் ஒருவர். 1472-இல் அவர் மகளை, ஓடர் ஆற்றங்கரையிலுள்ள குளோகாவ் நகரின் கோமகன் ஹைன்ரிஷுக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை வாரிசின்றி இறந்தால் அந்த நாடு பார்பராவின் வழியே தம் குடும்பத்துக்கு வந்துசேரும் என்பது கணக்கு. 1476-இல் ஹைன்ரிஷ் இறந்ததும், அவருடைய பங்காளி யான் கோமகனும், அவருக்குப் பின்னால் ஹங்கேரி மன்னர் மத்தியாஸும் உரிமை கோரிக் கிளம்பினார்கள். மத்தியாஸோடு பொகீமியாவுக்காக மோதிக்கொண்டிருந்த விளாதிஸ்லாவ் மன்னரை மருமகனாக்கிக்கொள்ள ஆல்பிரெக்ட் முனைந்தது அப்போதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னருக்குப் பதிலாகத் தூதர் நின்று மணவுறுதி சொல்ல, திருமணம் முடிந்தது. மே மாத இறுதியில்தான் பார்பராவுக்கு 12 வயது நிறைந்திருந்தது. திருச்சபைச் சட்டப்படி ஒரு பெண் மணவுறுதி சொல்லத் தகுந்த குறைந்த வயது அதுவே. தந்தை ஒரு கோடையைக்கூட வீணாக்கவில்லை.

பதிலாள் திருமணம் எப்படி நடக்கும் என்று காட்ட விரும்பினால், 1490-இல், பின்னாளில் பேரரசரான மாக்சிமிலியனுக்காகப் பிரிட்டனி (இன்றைய பிரான்சின் வடமேற்குப் பகுதி) சென்ற தூதர், மணமகளின் படுக்கையில் வெற்றுக்காலை மட்டும் வைத்து மணத்தை உறுதிசெய்த செய்தி இருக்கிறது. சுவையான காட்சிதான், ஆனால் அதைத் தூக்கிப் பார்பராவின் தலையில் வைத்துவிடாதீர்கள்.

விளாதிஸ்லாவ் அவரை அழைத்துக்கொள்ளவே இல்லை. 1482-இல் குளோகாவுக்கான போர் ஓய்ந்தபோது அந்த நாடு கைநழுவியது. சீதனக் கணக்குக்கு ஈடாக, குரோசன் முதலிய சில ஊர்கள் பிராண்டன்பர்க்குக்கு அடைமானமாகக் கிடைத்தன. ஆக, குடும்பத்துக்கு வர வேண்டியதில் ஒரு பங்கு வந்துவிட்டது. பெண் மட்டும் பிறந்த வீட்டிலேயே ராணிப் பட்டத்தோடு தங்கிவிட்டார். மன்னரோ 1490-இல் ஹங்கேரி அரியணைக்காக, மத்தியாஸின் விதவை பெயாட்ரிசை இரகசியமாக மணந்து, காரியம் முடிந்ததும் அந்தத் திருமணமும் செல்லாது என்றார். இந்த மனிதரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

உங்கள் நாவலின் நடு அத்தியாயமாக இருக்க வேண்டியது இதற்குப் பின் நடந்ததுதான். நீங்களோ அதை ஒரே பத்தியில் முடித்திருக்கிறீர்கள். முப்பதை நெருங்கிய பார்பரா, கொன்ராட் ஃபோன் ஹைடெக் என்ற வீரருக்குத் தாமே இரகசியமாக மணவாக்குக் கொடுத்தார். இதை வெறும் காதலாக எழுதினால் பாதிதான் எழுதியதாகும். திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதமே என்று திருச்சபை சொல்லிவந்த காலம் அது. இரண்டு முறை தந்தையின் கணக்குக்காக வாங்கப்பட்ட அந்தச் சம்மதத்தை, அவர் முதன்முறையாகத் தம் விருப்பத்துக்குச் செலவிட்டார். அண்ணன் தம்பிகள் பதறியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: தங்கை தாமாகவே இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், திருமணம் செல்லும் என்று பொகீமிய மன்னர்மீது அவர்கள் பிடித்து வைத்திருந்த வழக்குக்கு வலு ஏது? கூல்ம்பாக் நகருக்கு மேலே நிற்கும் பிளாசன்பர்க் கோட்டையில் அவரை அடைத்துவைத்தார்கள்.

1500-இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர், விளாதிஸ்லாவின் இரண்டு திருமணங்களையும் ஒருசேர ரத்து செய்தார். மன்னர் 1502-இல் பிரெஞ்சு உயர்குடிப் பெண்ணான ஆன் என்பவரை மணந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையானார். பார்பரா மறுபடி மணக்கவில்லை. 1515-இல், 51 வயதில், தாம் பிறந்த அன்ஸ்பாக் நகரிலேயே இறந்தார். எனவே உங்கள் சிறை மரணக் காட்சியை எடுத்துவிடுங்கள்.

முதல் அத்தியாயத்தையும் மாற்றுங்கள். 8 வயதுச் சிறுமி அழுதுகொண்டிருக்கட்டும், தடையில்லை. ஆனால் அடுத்த அறையில் பெரியவர்கள் ஒப்பந்தத்தின் வாரிசுப் பிரிவை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பது அவள் காதில் விழ வேண்டும்.