விடுபட்ட அம்பு (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

தேசிய சேவையை முடித்துவிட்டு இந்த ஆண்டு பொறியியலில் சேர்ந்திருக்கிறேன். தொடக்கக் கல்லூரியில் இயற்பியலில் ஏ வாங்கியவன். முதல் பருவத்திலேயே மெக்கானிக்ஸ். விரிவுரையில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் புரிகிறது. டியூட்டோரியல் தாளை எடுத்தால் முதல் வரி எழுத வரவில்லை. விடையைப் பார்த்தால் "அட, இவ்வளவுதானா" என்று இருக்கிறது. அடுத்த கணக்கில் மறுபடியும் அதே கதை. இரண்டு வருடம் பச்சைச் சீருடை போட்டதில் மூளை துருப்பிடித்துவிட்டதா? இன்னும் நிறைய ஃபார்முலா மனப்பாடம் செய்ய வேண்டுமா? இன்னொரு சந்தேகம்: பூமியே சுழல்கிறதே, அதை ஏன் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை? அம்மா வேறு படிப்புக்கு மாறிவிடு என்கிறார்.

க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

துருப்பிடித்த மூளைக்கு விரிவுரையும் புரியாது. உங்களுக்குப் புரிகிறது. ஆகவே தேசிய சேவையின் மேல் பழி போட வேண்டாம். ஃபார்முலாவும் வேண்டாம். நியூட்டனின் மூன்று விதிகள், அவற்றிலிருந்து வரும் ஆற்றல், உந்தம், திருப்புவிசைச் சமன்பாடுகள், இவ்வளவுதான் பாடம். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

பள்ளியில் நமக்குப் பழக்கிவிட்டது வேறு. தொடக்க வேகம் கொடுத்திருக்கிறதா, நேரம் கொடுத்திருக்கிறதா, அப்படியானால் இந்தச் சூத்திரம், போடு, அமுக்கு, விடை. பத்தாண்டுத் தேர்வுத்தாள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இது கைவந்த கலை. பல்கலைக்கழகக் கணக்கு அப்படித் தொடங்குவதில்லை. எந்தப் பொருளைப் பற்றிப் பேசப் போகிறாய் என்றுதான் முதலில் கேட்கிறது. நீங்கள் முதல் வரியில் நிற்பது அந்தக் கேள்வியில்தான். ஃப்ரீ பாடி டயகிராம் என்று விரிவுரையாளர் நூறு தடவை சொல்லியிருப்பார். பொருளைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் வெட்டி எடுத்துத் தனியாக வரைந்து, அதை வெளியிலிருந்து தள்ளுகிற, இழுக்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு போடுவது. சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருப்பதால் நாம் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

நாளைக் காலை காப்பிக்கடையில் ஒரு கோப்பி பொட்டலமாகக் கட்டி வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை இறுக்கி, தூக்கிப்பிடிக்கக் கயிறு விட்டுத் தருவார்களே, அது. எம்ஆர்டியில் குடித்தால் அபராதம், ஆனால் விரலில் மாட்டிக்கொண்டு பார்க்கலாம். ரயில் கிளம்பியதும் பை பின்னால் போய், கொஞ்சம் ஆடி, சாய்ந்தபடியே நிற்கும். அந்தப் பையின் மேல் எத்தனை அம்பு? முதல் ஆண்டு மாணவர்கள் பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலோர் மூன்று போடுவார்கள்: கீழே எடை, கயிற்றின் வழியே இழுவிசை, அப்புறம் பின்பக்கமாக ஒன்று. அந்த மூன்றாவதை யார் கொடுக்கிறார்? பைக்குப் பின்னால் எதுவும் இல்லை. அதைத் தொடுவது கயிறு மட்டும், தொடாமல் இழுப்பது பூமி மட்டும். ஆக இரண்டே அம்பு. கயிறு முன்பக்கமாகச் சாய்ந்து இழுப்பதால்தான் பையும் ரயிலோடு சேர்ந்து வேகமெடுக்கிறது. கயிறு செங்குத்திலிருந்து 6 டிகிரி சாய்ந்திருந்தால் அந்தக் கோணத்தின் டேன்ஜென்டை 9.8ஆல் பெருக்குங்கள்: முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் 1 மீட்டர். ஒரு வெள்ளி சொச்சத்துக்கு முடுக்கமானியும் கோப்பியும்.

ரயிலுக்குள் நிற்பவரின் கண்ணால் பார்ப்பதென்றால் பின்பக்கம் ஒரு போலி விசையைச் சேர்த்து, பை அசையாமல் நிற்கிறது என்றும் எழுதலாம். விடை அதேதான் வரும். இரண்டையும் ஒரே படத்தில் கலப்பதுதான் வினை.

இன்னொன்று, நானே சறுக்கிய இடம். லாரியின் பின்தட்டில் 20 கிலோ பெட்டி. லாரி 1.5 முடுக்கத்தில் கிளம்புகிறது, பெட்டி நழுவவில்லை, நிலை உராய்வுக் குணகம் (பெட்டியின் எடையில் எத்தனை பங்கு வரை உராய்வு பிடித்து நிறுத்தும் என்ற எண்) 0.4. உராய்வு விசை எவ்வளவு, எந்தப் பக்கம்? நான் முதல் பருவத் தேர்வில் 78 நியூட்டன், பின்பக்கம் என்று எழுதினேன். 0.4, 20, 9.8 மூன்றையும் பெருக்கினால் 78 வருமே! உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்றும் படித்திருக்கிறோமே! இரண்டும் தப்பு. பெட்டியைத் தனியாக வெட்டி எடுத்துப் பாருங்கள். அதைக் கிடைமட்டமாகத் தொடுவது தட்டு ஒன்றுதான். பெட்டி முன்னால் போகிறதென்றால் அதை முன்னால் தள்ளுவதும் தட்டின் உராய்வுதான். எவ்வளவு? 20 பெருக்கல் 1.5, அதாவது 30 நியூட்டன். 78 என்பது உராய்வு அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு, எப்போதும் கொடுக்கும் அளவு அல்ல. பையில் 78 வெள்ளி இருக்கிறது என்பதற்காக 30 வெள்ளிச் சாமானுக்கு 78 கொடுப்போமா? முடுக்கம் 3.9ஐத் தாண்டினால்தான் பெட்டி நழுவும்.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 1992இல் அமெரிக்காவில் இயற்பியலாளர் ஹெஸ்டெனஸும் கூட்டாளிகளும் விசையைப் பற்றி ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். கணக்குப் போட வேண்டியதில்லை, அன்றாட மொழியில் கேள்விகள், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்டவர்களில் பலர் அதில் தடுமாறினார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இத்தகைய கேள்விகளைத் தம் வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். அந்த மாணவியின் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மசூர் தம் கற்பிக்கும் முறையையே அப்புறம் மாற்றிக்கொண்டார்.

அம்பு போடுவது வெறும் மதிப்பெண் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் என்று ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிருடன் மீட்டார்கள். பிறகு கூரையில் ஏற்றிய சாதனங்கள், சுவரில் ஒட்டிய ஓடுகள் என்று எத்தனையோ சந்தேகம் எழுந்தது. விசாரணைக் குழு கண்ட மூல காரணம் வேறு: தூண்கள் தாங்க வேண்டிய சுமையைக் கணக்கிட்டபோது உள்ளே வரும் ஆட்களையும் பொருள்களையும் சேர்த்திருந்தார்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. ஓர் அம்பு விடுபட்டுப்போயிருந்தது. அதோடு பதினைந்து ஆண்டு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த 1989 சட்டப்படி, ஒரு பொறியாளர் போட்ட கட்டமைப்புக் கணக்கை அவரைச் சாராத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மளிகை வாங்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூண்களின் நினைவு வரும்.

பூமியின் சுழற்சிக்கு வருவோம். நல்ல கேள்வி, ஆனால் நம் ஊரில் கேட்கிறீர்கள்! நிலநடுக்கோட்டுக்கு அருகே சுழற்சியால் ஏற்படும் மையநோக்கு முடுக்கம் 0.034தான், 9.8க்கு முன்னால் கொசு. இங்கே பொருள்கள் விழும் முடுக்கமாக நாம் அளக்கும் 9.78இல் அதுவும் அடங்கிவிட்டது. பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்ட 1851இல் ஃபூக்கோ பாரிஸில் தொங்கவிட்ட ஊசலின் ஆட்டத்தளம் ஒரு சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 32 மணி நேரம். அதே ஊசலைச் சிங்கப்பூரில் தொங்கவிட்டால் ஆறு வாரமாகும். காத்திருக்க யாருக்குப் பொறுமை? சுழற்சி காற்றைத் திருப்பும் விளைவும் நிலநடுக்கோட்டருகே இப்படித்தான் மிகக் குறைவு, நமக்குப் புயல் அநேகமாக வராததற்கு அதுதான் காரணம். 2001 டிசம்பரில் இவ்வளவு பக்கத்தில் ஒன்று உருவானதை வானிலை ஆட்கள் இன்னும் அதிசயமாகச் சொல்கிறார்கள்.

(நியூட்டன் எம்ஆர்டி நிலையத்துக்கும் ஐசக் நியூட்டனுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயர் இங்கே நகராட்சியில் வேலை பார்த்த ஒரு பொறியாளருடையது.)

அம்மாவிடம் அரையாண்டுத் தேர்வு வரை தவணை கேளுங்கள். அதுவரை தினம் ஐந்து கணக்கு எடுங்கள், விடை கண்டுபிடிக்க வேண்டாம். படம் மட்டும். ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் அதை யார் கொடுக்கிறார் என்று எழுதுங்கள்: தட்டு, கயிறு, பூமி. பெயர் எழுத முடியாத அம்பை அழித்துவிடுங்கள். பத்து நாள் இப்படிச் செய்துவிட்டு அப்புறம் சமன்பாட்டுக்குப் போங்கள்.

ஒரு வீட்டுப்பாடமும் தருகிறேன். பேருந்தில் பிறந்தநாள் விழாவிலிருந்து திரும்பும் குழந்தை ஒன்று, கையில் ஹீலியம் பலூன். சன்னல்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. பேருந்து கிளம்பும்போது உங்கள் கோப்பிப் பை பின்னால் சாய்கிறது. பலூன் எந்தப் பக்கம் சாயும்? பலூனைத் தொடுவது நூல் மட்டுமல்ல, சுற்றியிருக்கும் காற்றும்தான். படம் வரைந்து அனுப்புங்கள்.